கவிழ்ந்த செருப்பு

அந்தக் காலத்தில் ஆடுமாடுகள் பேசும். செத்துத் தோலாகி, செருப்பாய்த் தைத்த பிறகும் பேச்சை விடாது. பனைமட்டைச் செருப்பு கிசுகிசுக்கும், கட்டைச் செருப்பு கம்மென்று கிடக்கும். எருமைத்தோல் செருப்புக்குத்தான் வாய் அதிகம். காலை நுழைக்கும் மேல்பக்கம்தான் அதன் வாய்.

ஒச்சம்மாவின் புருஷன் சடையாண்டி போட்டிருந்தது அந்த எருமைத்தோல் செருப்பு. சுடுகாட்டை ஒட்டிய முள்ளுக்காட்டில் ஆட்டுக்கிடைக்குக் காவல் போகிறவன். விடிந்து வந்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். உச்சிவெயிலில் தெருவே அடங்கிக் கிடக்கும்போதுதான் செருப்பு பேச ஆரம்பிக்கும்.

“அவன் இங்க இல்ல. மேற்க போயிட்டான்.” கொஞ்சம் பொறுத்து, “நாங்க பழசு. போட்டுட்டுப் போயிட்டான்.”

ஒச்சம்மா எட்டிப் பார்ப்பாள். வாசலில் ஈ காக்கை இருக்காது.

“யார்கிட்டப் பேசுறீக?”

“பேரைச் சொன்னா திரும்பிப் பாக்கும். நீ உள்ள போ.”

வெட்டிப் பேச்சு என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். பகலெல்லாம் வாசலில் கிடக்கிற செருப்புக்கு வேறென்ன வேலை என்று நினைத்தாள், பாவம்.

ஒருநாள் கைப்பிள்ளைக்குக் காய்ச்சல். விடிய விடிய அழுத பிள்ளை உச்சிவேளையில்தான் கண்ணயர்ந்தது. தொட்டிலை ஆட்டிய கை ஓயுமுன்னே வாசலில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஒச்சம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. விடுவிடுவென்று வந்தாள், இரண்டு செருப்பையும் மண்ணில் குப்புறக் கவிழ்த்தாள். மண்ணுக்குள் ஏதோ முனகியது. பிறகு அதுவும் நின்றது.

அப்பாடா என்று உள்ளே போய், சாணி மெழுகிய ஈரத்தரையை ஓரமாய்க் கடந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“ஆத்தா, சடையாண்டி இருக்கானா?”

பழகிய குரல்தான். யாருடையது என்று மட்டும் பிடிபடவில்லை.

“உள்ளதான் தூங்குறாக,” என்றாள், பானையைக் கழுவிக்கொண்டே.

பானையைக் கழுவி வைத்தாள். அவள் எழுந்து வந்து பார்த்தாள். மெழுகிய தரையில், வாசலிலிருந்து உள்ளே ஒரு வெறுங்கால் தடம் போயிருந்தது. உள்ளேயிருந்து வெளியே இரண்டு தடம் போயிருந்தது. அதில் ஒன்றில் சுண்டுவிரல் கோணியிருந்தது. அது சடையாண்டியின் கால். அவளுக்குத் தெரியாத காலா?

சடையாண்டி பாயில்தான் கிடந்தான். தொட்டாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

ஒச்சம்மா வாசலுக்கு ஓடினாள். செருப்பை நிமிர்த்தி, முந்தானையால் மண்ணைத் துடைத்தாள்.

“சொல்லுங்க. அவரு இங்க இல்லன்னு எப்பவும்போலச் சொல்லுங்க.”

“இத்தன நாளும் பொய்யாத்தான் சொன்னோம்,” என்றது செருப்பு. “இப்ப அது நெசமாப்போச்சே ஆத்தா.”

அதன்பிறகு அது மனுஷர் காதில் விழப் பேசவில்லை. ஒச்சம்மா மட்டும், சாகும்வரை, எந்த வீட்டு வாசலில் செருப்பு கவிழ்ந்து கிடந்தாலும் குனிந்து நிமிர்த்திவைத்துவிட்டுத்தான் போனாள். காரணம் கேட்டவர்களும் அதையே செய்தார்கள்.

தோல் போய் ரப்பர் வந்தது, பூட்ஸும் ஷூவும் வந்தன. கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்கிறோம். உள்ளதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள். ஆனால், யாருடையது என்றுகூடக் கேட்காமல் நம் கால் தானாக நீண்டு அதை நிமிர்த்திவிட்டுப் போவது, ஒச்சம்மா பதில் சொன்ன அந்த உச்சிவேளையிலிருந்துதான்.