தவளைக் கதைக்கு நகராத ஊர்

"அவங்க மனுசங்களே இல்லீங்கம்மா, தவளைங்க" என்று மூச்சிரைக்க வந்து விழுந்தார் சென்னியப்பன்.

பாவாயி அம்மாள் அந்தக் குன்றில் குடிசை போட்டிருக்கும் துறவி. தன் சீடரான சென்னியப்பனைவிடப் பத்து வயது இளையவர். குளிக்க அடுப்பில் ஓர் அண்டா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏரிக்கரை விரிஞ்சுகிட்டே வருது. பொழுது சாயறதுக்குள்ள உடைஞ்சிரும். கீழ ஒரு ஊரே உக்காந்திருக்கு. ஒருத்தரும் கெளம்ப மாட்டேங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தவளைக் கதையச் சொன்னேன். சட்டித் தண்ணியில தவளைய வுட்டு மெதுவாச் சூடு பண்ணுனா, இருந்த எடத்துலயே வெந்து போயிருமாம். மாறத் தெரியாத சென்மம்."

அம்மாள் தண்ணீர்த் தொட்டியோரம் கிடந்த தவளை ஒன்றைப் பிடித்து, வெதுவெதுத்த அண்டாவில் போட்டார்.

அது ஒரே தாவலில் சென்னியப்பனின் வழுக்கைத் தலையில் வந்து உட்கார்ந்தது.

"இது அந்தக் கதையக் கேட்டதில்ல போலிருக்கு" என்றார் அம்மாள்.

சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் முழுகப் போகிறது, இவர் விளையாடுகிறார்.

"சரி, அவங்க என்ன சொன்னாங்க?"

"எங்க சொல்ல வுட்டேன்? தவளைக்கு அப்பறம், சங்கிலி அறுந்தும் நகராத யானைக் கதை. பாதியிலயே ஒரு பெரியவர் கையத் தூக்குனாரு. அடிக்கத்தான் வர்றாருன்னு ஓடியாந்துட்டேன்."

"கையில என்ன இருந்துச்சு? கம்பா?"

"ஒண்ணுமில்லீங்க. மணிக்கட்டுல மஞ்சக் கயிறு..."

சொன்னவருக்கு அப்போதுதான் உறைத்தது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எவரும் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. அவருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

அம்மாள் அதற்குள் பாதிக் குன்று இறங்கிவிட்டார்.

ஊருக்குள் அவர் யாரையும் கிளம்பச் சொல்லவில்லை. நேராகப் பூசாரியிடம் போனார்.

"வெள்ளம் வருதுங்க. ஆத்தாள மேட்டுக்கு அழைச்சிட்டு வர்றீங்களா?"

பூசாரி ஏரிக்கரையைப் பார்த்தார். அம்மன் கரகத்தைத் தலையில் ஏற்றினார்.

பம்பை முழங்கியது. ஆடு, மாடு, கைக்குழந்தை என்று ஊரே கரகத்தின் பின்னால் குன்றேறியது. சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் வீட்டு அடைகோழியையோ கூடையோடு தூக்கிக்கொண்டு ஓடினார்.

கடைசி ஆள் ஏறி முடிக்கவும் கரை உடைந்தது. கூரைகள் வரை தண்ணீர் நின்றது.

கரகத்தை இறக்கி வைத்ததும், அந்தப் பெரியவர் ஒரு மஞ்சள் கயிற்றோடு சென்னியப்பனிடம் வந்தார்.

"ஆத்தா எறங்குன எடம் எல்லையாயிருச்சு. கையக் குடுங்க சாமி. நோம்பி முடியற வரைக்கும் இனி நீங்களும் எங்கயும் நகரக் கூடாது."

சென்னியப்பன் இரண்டு கைகளையும் நீட்டினார்.