கட்டிலுக்கும் நாடி ஓடியது

ஒரே ஒரு ஊரிலே, முந்நூறு கட்டில் போட்ட ஓர் ஆஸ்பத்திரி இருந்ததாம். அங்கே நர்சிங் படிக்க வரும் முதல் வருடத்துப் பிள்ளை ஒவ்வொருத்தியையும் மூன்றாம் வருடத்து அக்கா ஒருத்தியின் கையில் பிடித்துக் கொடுப்பது வழக்கமாம்.

இசக்கியம்மாளைப் பெனிட்டாவிடம் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் காலையில் இசக்கி வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“நான் ஊருக்குப் போறேன்க்கா. அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். சாயங்காலம் கூப்பிட வாறாங்க.”

“ஏம்ட்டி?”

“எனக்கு நாடி பார்க்கவே வரலை. யாரைத் தொட்டாலும் நூத்திப்பத்து, நூத்திப்பதினஞ்சு. சிஸ்டர் பார்த்தா எழுபதுதான். ‘நல்லா இருக்கிற மனுசனை எல்லாம் நீ நோயாளி ஆக்கிருவே’ன்னு வார்டே கேக்கத் திட்டிட்டாங்க.”

பெனிட்டா அவளை எட்டாம் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள்.

சுடலைமுத்துத் தாத்தா கையை நீட்டிக்கொண்டே படுத்திருந்தார்.

“வா தாயி. கல்யாணத்தன்னைக்கு என் வீட்டுக்காரி கூட நேத்து நீ பிடிச்ச அளவுக்குக் கையைப் பிடிக்கல.”

இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. பெருவிரலை அவர் மணிக்கட்டில் அழுத்தினாள். வாட்சைப் பார்த்தாள். உதடு எண்ணியது.

“நூத்திப்பன்னெண்டு,” என்றாள்.

பெனிட்டா அந்தப் பெருவிரலை எடுத்து, கட்டிலின் இரும்புக் கம்பியில் வைத்து அழுத்தினாள்.

“இப்போ இதை எண்ணு.”

“கட்டிலையா?”

“எண்ணுட்டி.”

டக். டக். டக்.

“அக்கா… கட்டிலுக்கும் ஓடுது!”

“எவ்வளவு?”

“நூத்திப்பன்னெண்டு.”

தாத்தா தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தார். “பாவம், அதுக்கு என்ன பயமோ.”

இசக்கி தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள்ளே அந்த டக் டக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பெனிட்டா அதை உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டாள். நடுவில் இருந்த மூன்று விரல்களையும் தாத்தாவின் மணிக்கட்டில் லேசாக வைத்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

பிறகு, அடியில் எங்கேயோ, வயசான ஒருத்தர் மெதுவாக நடந்து வருகிற மாதிரி.

“அறுபத்தெட்டு,” என்றாள் இசக்கி. சொல்லிவிட்டும் கையை எடுக்கவில்லை.

அப்புறம் திரும்பினாள்.

“உங்க கையைக் குடுங்கக்கா.”

மூன்றே விரல். முழுசாக ஒரு நிமிடம்.

“நூத்திநாலு! என்னக்கா, உங்களுக்கும் இப்படி ஓடுது?”

“ஊருக்குப் போறேன்னு சொன்னியேட்டி,” என்றாள் பெனிட்டா.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள்.

இசக்கி சார்ட்டில் அறுபத்தெட்டு என்று எழுதினாள்.

பிறகு ஒன்பதாம் கட்டிலுக்கு நடந்தாள்.