படிக்கம் குடித்த பச்சைத் தேநீர்

குன்னூர் மலையில் பச்சைத் தேயிலை ஆலை நடத்திவந்தார் திருவேங்கடத்தார். "எங்கள் தேநீரைக் குடித்தால் கிழவரும் குமரராவார்" என்று வாசலில் பலகை மாட்டினார். சுவைபார்க்கும் அறையில் கோப்பை கழுவும் செங்கமலம் அதைப் படித்துச் சிரித்துவிட்டாள்.

"சிரிப்பா வருகிறது உனக்கு? நாளை வணிகர்கள் வருகிறார்கள். இத்தேநீரால் இளமை மாறாதிருக்கும் ஒருவரை அவர்கள்முன் நீ காட்டவேண்டும். காட்டாவிட்டால் உனக்கு இங்கே வேலையில்லை!" என்று முதலாளி சீறினார்.

மறுநாள் வணிகர்கள் கூடினர். திருவேங்கடத்தார் வழக்கம்போல் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு வாய் உறிஞ்சிச் சுவைத்து, பித்தளைப் படிக்கத்தில் துப்பினார்.

"எங்கே உன் ஆள்?" என்றார் ஏளனமாக.

செங்கமலம் படிக்கத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "இவர்தாம் ஐயா! ஆலை தொடங்கிய நாள்முதல் இவரளவுக்கு நம் தேநீரைக் குடித்தவர் எவருமில்லை. ஒரு சுருக்கம் உண்டா, ஒரு நரை உண்டா, பாருங்கள்!"

அறையே சிரித்தது. மூத்த வணிகர் முதலாளியின் நரைத்த தலையைப் பார்த்தார். "துப்புவது தொழில்முறை, சரி. வீட்டிலாவது இதைக் குடிப்பீரா?"

"வீட்டில்... காப்பி," என்று முனகினார் திருவேங்கடத்தார்.

"உள்ளதைச் சொன்னாலே இது விற்கும் ஐயா," என்றாள் செங்கமலம். "ஆன்டிஆக்சிடன்ட் என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறோமே, அது உயிரணுக்களைச் சிதையாமல் காக்கத் துணைநிற்கும். போன இளமையை அதனால் மீட்டுத் தர முடியாது."

"அப்படி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறோம்," என்றனர் வணிகர்கள்.

முதலாளியும் சிரித்துவிட்டார். "பலகையைக் கழற்றச் சொல். நாளை நேரத்தோடு வேலைக்கு வந்துவிடு. இப்போது எனக்கொரு கோப்பை கொடு."

வணிகர்கள் அத்தனைபேரும் அவர் தொண்டையையே உற்றுப் பார்த்திருக்க, திருவேங்கடத்தார் கடைசிச் சொட்டுவரை விழுங்கினார்.