செருப்புக்குப் பல் முளைத்த கதை

அந்தக் காலத்தில் செருப்புக்கு வாய் உண்டு, பல் கிடையாது. வாய் என்றால் சாதாரண வாயா? சந்தைக்குள் ஒருவர் நுழைந்தால் போதும், என்னை எடு, என்னை எடு என்று கடைச் செருப்பெல்லாம் காது புளிக்கப் பேசும்.

உலகாயி அன்று கால் தரையில் பாவாமல் சந்தைக்கு வந்தாள். ஏழு மலை தாண்டி வாக்கப்பட்டுப்போன தங்கை குருவம்மாவுக்கு வளைகாப்பு. தாய் தகப்பன் இல்லாத பெண்கள். பிறந்த வீட்டு வளையல்தான் முதலில் கையில் ஏறவேண்டும். அதைக் கொண்டுபோக உலகாயியை விட்டால் ஆளில்லை. விடிந்ததும் கிளம்பினால், சடங்கு நடக்கும் ஆறாம் நாள் உச்சிக்குள் போய்ச் சேரலாம். ஊர் எல்லையே தாண்டாதவளுக்கு நினைக்க நினைக்கச் சிரிப்பாக வந்தது.

மூலையில் தடித்த எருமைத்தோல் செருப்பு ஒன்று கறுத்துக் கிடந்தது. எத்தனை தூரம் தாங்குவாய் என்று கேட்டாள். அதை நான் சொல்லக்கூடாது, போட்டு நடந்து பார்த்து நீதான் சொல்லவேண்டும் என்றது. அதற்கெல்லாம் நேரம் ஏது? பக்கத்தில் பூத்தையல் போட்ட சிவப்புச் செருப்பு தேனாகப் பேசியது.

"ஏழு மலை என்னத்தா, எழுபது மலைக்கும் நான் பொறுப்பு."

அந்த ஒரு சொல்லில் உலகாயி மயங்கிவிட்டாள். மறுநாள் கண்ணாடி வளையல் மூட்டையோடு கிளம்பி இரண்டு மலையைப் பறந்தே கடந்தாள். அருவியைப் பார்த்துக் கூவினாள், குரங்குகளோடு வம்பு பேசினாள். மலையடி ஊர் ஒன்றில் செருப்பு ஆட்டம் காண்பதுபோல் இருந்தது. வேறு வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, நான் இரும்பு என்றது அது.

மூன்றாம் மலைச் சரிவில் இரும்பின் வார் அறுந்தது. உலகாயி உருண்டாள். உருளும்போதும் மூட்டையை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்ததால் வளையல் ஒன்றும் உடையவில்லை. செருப்பைப் பையில் திணித்துக்கொண்டு மீதி மலைகளை வெறுங்காலால் நடந்தாள். முள்ளெடுக்க நின்றால் நேரம் தப்பிவிடும் என்று முள்ளோடேயே நடந்தாள்.

ஆறாம் நாள் உச்சிப்பொழுது. குருவம்மா மணையில் உட்கார்ந்து இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அக்கா வராமல் யார் வளையலும் ஏறாது என்று ஒரே பிடிவாதம். கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வேலியோரம் நொண்டி நொண்டி ஓடிவருகிறவளைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பிறந்த வீட்டு வளையல் கையில் ஏறியது. அக்காவும் தங்கையும் அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பிறகு குருவம்மா அக்காவின் காலை மடியில் போட்டு, வளையல் குலுங்க முள்ளெடுத்தாள். கை நிறைய முள் சேர்ந்தது.

"செருப்புகிட்டப் போயா யோசனை கேட்ட? உன் காலைக் கேட்டிருக்கலாமேக்கா."

பைக்குள்ளிருந்து சிவப்புச் செருப்பு எட்டிப் பார்த்தது. "எப்படியோ ஆத்தா, நல்லபடியா நடந்து வந்துட்டோம்."

உலகாயி அத்தனை முள்ளையும் அள்ளி அதன் வாயில் திணித்தாள்.

"உங்க குலத்துக்கே இனிமே பேச்சு வேண்டாம். சொல்ல வேண்டியத ஊர் தாண்டுறதுக்கு முன்னாடியே கடிச்சுச் சொல்லுங்க."

அன்று முதல்தான் செருப்புகள் ஊமையாயின, புதுச் செருப்பு கடிக்கத் தொடங்கியது. நெடுந்தூரம் நடக்கப் போகிறவர்களும் அன்று முதல்தான், கிணற்றடிக்கும் கடைத்தெருவுக்கும் அதைப் போட்டுத் திரிந்து, குதிகாலில் நாலு கடி வாங்கிக்கொண்ட பிறகே மூட்டை கட்டுகிறார்கள்.