பனியனுக்கு வந்த அப்டேட்

திருப்பூரில் பனியனுக்கு மட்டுமா சைஸ் உண்டு? நாச்சிமுத்து பேசும் உண்மைக்கும் உண்டு. அவன் பொய்யே சொல்ல மாட்டான். நடந்ததை டபுள் எக்ஸெல் சைஸில் கொண்டுவந்து நம் தலை வழியாக மாட்டிவிடுவான், அவ்வளவுதான். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாரும் வேட்டி நுனியைப் பிடித்து இழுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் உட்கார்ந்திருந்தது பொங்கியண்ணனின் பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸில். கீழேயும் மாடியிலும் திரும்பின பக்கமெல்லாம் கம்ப்யூட்டர். அத்தனையிலும் பில் போடுகிற புது சாப்ட்வேரை ஏற்றியாக வேண்டும். ஒரு கோஷ்டி முன்னமே வந்து, ஆளுக்கொரு பென்டிரைவோடு சீட்டு சீட்டாகப் போய்ப் போட்டுத் தருகிறோம் என்று விலை சொல்லிவிட்டுப் போயிருந்தது. நாச்சிமுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே நெட்வொர்க் வழியாக மொத்தத்துக்கும் அனுப்பிவிடுவேன் என்றான். வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் மச்சான் கடையில் மிக்ஸி கழற்ற வேண்டும். மச்சானிடம் கைகட்டி நிற்பதற்கு, ஓடுகிற மிக்ஸிக்குள் விரலை விட்டுக்கொள்ளலாம்.

பொங்கியண்ணன் லேசுப்பட்ட முதலாளி இல்லை. மழை பெய்தால்கூட, இன்னும் ரெண்டு தூறல் சேர்த்துப் போடு என்று வானத்தோடு பேரம் பேசுகிறவர். பக்கத்தில் கணக்கு பார்க்கும் சம்பூரணம். அவள் ஒரு பார்வை பார்த்தால் வாடகைச் சைக்கிளுக்குக்கூடக் காற்று இறங்கிவிடும்.

“இதுக்கு முன்ன எங்காச்சும் பண்ணியிருக்கியா?” என்றார் முதலாளி.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனியாம். சர்வரில் ஒரே ஒரு பட்டனைத் தட்டிவிட்டு டீயைக் கையில் எடுத்தானாம். அதில் ஆடை கட்டுவதற்குள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் சாப்ட்வேர் ஏறிவிட்டது. அணைத்துக் கிடந்தவைகூடத் தானாக எழுந்து, ஏற்றிக்கொண்டு, மறுபடி படுத்து, தூசி உறையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டன.

“உறையை அதுவா எப்படிங்க போர்த்தும்?” என்றாள் சம்பூரணம்.

“மார்கழி மாசமுங்க,” என்றான்.

அவளுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. அவனுக்கோ அங்கே நிறுத்தத் தோன்றவில்லை. ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ரிப்பேருக்காக மொபெட்டில் ஊத்துக்குளிக்குப் போய்க்கொண்டிருந்ததாம். சாப்ட்வேர் விடுமா? ஒயர் முடிந்த இடத்தில் கீழே குதித்து ரோட்டோடு ஓடியிருக்கிறது. ரயில்வே கேட் சாத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று. நின்ற மொபெட்டில் தாவி ஏறி, கேட் திறப்பதற்குள் வேலையை முடித்துவிட்டது. கேட் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலாளி கேட்டார். ரெண்டு பேக்கரி தள்ளிப் பிடித்திருக்கும், வேறென்ன என்றான்.

அப்புறம் அது வருகைப்பதிவு மிஷினுக்குள் புகுந்ததாம். அன்றைக்கு லீவு போட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் கட்டைவிரல் அரிக்க ஆரம்பித்தது. எண்ணெய் தடவியும் நிற்கவில்லை. ஓடிவந்து மிஷினில் விரலை வைத்த பிறகுதான் அடங்கியது. மத்தியானம் பந்தியில் இருந்த கல்யாண மாப்பிள்ளைகூட மாலையோடு வந்து ரேகை வைத்துவிட்டுப் போனான்.

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இந்தச் சங்கதி அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் சம்பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் சிலர் கை நீட்டுவார்கள். இவனுக்குக் கதை நீளும்.

கேலி பண்ணுறதா இருந்தா முழுசாக் கேட்டுட்டுப் பண்ணுங்க என்று ஆரம்பித்தான். அந்தக் கம்பெனியில் பனியனுக்குப் பார்கோடு ஒட்டுகிற மிஷினும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்ததாம். சாப்ட்வேர் அதன் வழியாகப் பனியனுக்குள் ஏறி, பெட்டிக்குள் அடங்கி, கப்பலேறி ஜெர்மனியில் போய் இறங்கிவிட்டது. அங்கே ஒரு வெள்ளைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு கடைவீதியில் போகிறார். அப்டேட் முடிந்தால் ரீஸ்டார்ட் ஆக வேண்டுமே. நட்டநடு ரோட்டில் பனியன் தானாகக் கழன்று, ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்று, திரும்ப அவர் மேலேயே மாட்டிக்கொண்டது. அவர் பதறவில்லை. சாயம் போகாமல் திரும்பி வந்ததே என்று இன்னும் ரெண்டு டஜன் ஆர்டர் கொடுத்தார்.

பொங்கியண்ணன் கண்ணைச் சுருக்கினார்.

“எல்லாம் தன்னால நடக்குது. அப்பறம் நீ எதுக்கு?”

பேரத்தில் இதற்குப் பேர் கழுத்தில் கத்தி. நாச்சிமுத்துவுக்குக் கண்ணுக்குள் மிக்ஸி ஒன்று சுற்றிவிட்டு நின்றது. ஆனாலும் அவன் நிமிர்ந்தே இருந்தான்.

“ஆரம்பிக்க ஆளே வேண்டாமுங்க. நிறுத்தத்தான் நான் வேணும்.”

முதலாளி அவனையே பார்த்தார். பிறகு ஒப்பந்தத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். “நிறுத்தறதுல கெட்டிக்காரனா? அப்ப நான் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் வாயை நிறுத்திக் காட்டு. மொத்த ஆபீஸும் உனக்குத்தான்.”

நாச்சிமுத்து உதட்டைக் கவ்விக்கொண்டான். பொங்கியண்ணனோ கையெழுத்திலும் கருமி, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக இறக்கினார். ‘பொங்கி’ வரைக்கும் வந்தாயிற்று. சம்பூரணம் மெதுவாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

“ஏனுங்க, அந்தப் பனியன் திரும்ப மாட்டுனப்ப நேராத்தான் மாட்டுச்சுங்களா, இல்ல உள்பக்கம் வெளியவா?”

அவன் கண் பிதுங்கியது. காது சிவந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துப் பார்த்தான். முடியவில்லை.

“உள்பக்கம் வெளியேங்க. அதைச் சரிபண்ண மறுநாளே இன்னொரு வெர்ஷன் விட்டனுங்க.”

பேனா நின்றது. முதலாளி மூடியைத் திருகி மூடினார். பேரத்தில் ஜெயித்த முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அப்போது பார்த்திருக்க வேண்டும்.

“பாதிக் கையெழுத்துல வாயைத் திறந்துட்ட. அதனால பாதி ஆபீஸ்தான். கீழ இருக்கறது உனக்கு. மாடி பென்டிரைவ் பசங்களுக்கு.”

நாச்சிமுத்து வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அரைக் கையெழுத்துத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

“அதுக்கென்னங்க. கீழ போட்டாப் போதும். அந்தப் பசங்க படியேறி வர்றதுக்குள்ள மாடிக்கு அதுவா ஏறியிருக்கும்.”