தேங்காய்க்குமா சொட்டு நீலம்?

தென்காசி பஜாரில், குடைக்கடைக்கு மேல் மாடியில் ஒரு குரு இருந்தாள். பெயர் ஜெசிந்தா, வயது இருபத்தாறு. வீடியோவில் நிறம் சேர்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கு ஒரே ஒரு சீடர். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, மீசையில் சாயம், ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தைப் படம் பிடித்தவர் என்ற கெத்து. பேச்சிமுத்து.

கெத்து இருந்தவர் ஏன் சீடரானார் என்றால், அதற்கும் ஒரு கல்யாணம்தான் காரணம். அவர் கொடுத்த வீடியோவில், தாலியைக் கையில் வாங்கும்போது மாப்பிள்ளை செக்கச்செவேல் என்று இருந்தார். கட்டும்போது கீரைக்கட்டு மாதிரி இருந்தார்.

"கட்டினது வேற ஆளா?" என்று பெண்வீட்டார் கேட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே படியேறி வந்து, அவள் கம்ப்யூட்டரில் அந்த வீடியோவை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு கிளிப்புக்கும் அடுத்த கிளிப்புக்கும் நிறம் ஒண்ணா வரணும். அதுக்கு என்ன வழி?"

"டீ வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி."

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. மகள் வயசுப் பெண். இருந்தாலும் வித்தை வேண்டுமே. இறங்கிப் போனார், வெயிலில் நின்றார், வாங்கி வந்தார். வாசலில் நுழையும்போதே கம்ப்யூட்டர் திரை கண்ணில் பட்டது.

"ஐயையோ, யாரு இவன் பச்சையா?"

"உங்க மாப்பிள்ளைதான்."

"போறப்ப நல்லாத்தான இருந்தான்?"

"இருந்தாரா, உங்க கண்ணு பழகிப் போச்சா?"

டீ ஆடை கட்டி அப்படியே கிடந்தது. அதன்பிறகு அவர் எதைக் கேட்டாலும் டீதான் பதில். ஒரு நாளைக்கு ஐந்து டீ. டீக்கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்.

இப்படியிருக்க, பேச்சிமுத்து ஒரு தொட்டில் வீட்டில் வீடியோ எடுத்து வந்தார். பதினோராம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற விசேஷம். பிள்ளையின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர், மகனை இன்னும் பார்த்ததில்லை. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிடும், அப்புறம் மூன்று வாரத்துக்கு நெட் கிடையாது. அதற்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும்.

மறுநாள், அவருடைய அக்கா பூரணம் காலையிலிருந்து நாலாவது தடவை போன் போட்டாள்.

"வீடியோக்காரண்ணே, முடிஞ்சிட்டா?"

"முடியுதுக்கா."

"பிள்ளை மூஞ்சி பளிச்சுனு இருக்கணும். என் தம்பி முதல் முதலா பார்க்கப் போறான்."

"சோப்பு விளம்பரத்துப் பிள்ளை தோத்துப் போகும். கவலைய விடுங்க."

இரண்டு கிளிப். ஒன்று முற்றத்துப் பந்தலில், மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தது. மற்றது வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் எடுத்தது. இரண்டையும் பேச்சிமுத்து மதியம் வரை உருட்டினார். பிள்ளை முகத்தில் இருந்த மஞ்சளைச் சொட்டுச் சொட்டாக வடித்து, கடைசியில் ரோஜாப்பூ நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு கிளிப்பிலும் ஒரே ரோஜாப்பூ. அவருக்கே புல்லரித்தது.

"டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க. இன்னைக்கு என்னை டீக்கு அனுப்ப முடியாது."

ஜெசிந்தா வந்து பார்த்தாள்.

"பிள்ளை நல்லா இருக்கு. தாத்தா வேட்டி ஏன் நீலமா இருக்கு?"

"சொட்டு நீலம் கூடிப் போயிருக்கும் டீச்சர். எங்க வீட்லயும் அப்படித்தான் போடுவா."

"சரி. உடைச்ச தேங்காய்?"

பேச்சிமுத்து பார்த்தார். தாம்பாளத்தில் இரண்டு நீலத் தேங்காய் மூடி.

"தேங்காய்க்குமா சொட்டு நீலம் போடுறாங்க உங்க பக்கம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தாத்தா சிரிக்கிறாரே, அந்தப் பல்லு?"

"டீ வாங்கிட்டு வரேன் டீச்சர்."

அவரே எழுந்து போனார். திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தார். செத்துப் போனவர்கள் கூடி, உயிரோடிருக்கிற ஒரு பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவது போல இருந்தது.

"எதை எதோட சேர்த்தீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"பிள்ளையை... பிள்ளைனா எப்படி இருக்கும், அதோட."

"அந்தப் பிள்ளை எந்தக் கிளிப்புல இருக்கு?"

பேச்சிமுத்து இரண்டு கிளிப்பையும் மாற்றி மாற்றி ஓட்டினார்.

"தேங்காயை வெள்ளையாக்குங்க அண்ணாச்சி. தேங்காய்க்கு யார்கிட்டயும் நல்ல பேர் வாங்க வேண்டியதில்லை."

ஆக்கினார். பந்தலில் தேங்காய் வெள்ளையானது. வேட்டி வெளுத்தது. தாத்தா மனிதரானார். ஜன்னல் ஓரக் கிளிப்பிலும் அதே கணக்கில், தாத்தா தோளில் கிடந்த துண்டை வெள்ளையாக்கினார். சுவர், தொட்டில் சேலை, பூரணத்தின் மூக்குத்தி எல்லாம் அதனதன் நிறத்தில் வந்து உட்கார்ந்தன.

பிள்ளை மட்டும் மஞ்சளாக இருந்தது. இரண்டிலும்.

"அட, இவன் ஒருத்தன் மாட்டேங்குறானே. இருங்க, மூஞ்சியைச் சுத்தி வட்டம் போட்டு அங்க மட்டும் எடுத்துடுறேன்."

மவுஸை நகர்த்தினார். ஜெசிந்தா அவர் கையைத் தட்டவில்லை. தடுக்கவும் இல்லை.

"சத்தம் ஏன் இல்லை?" என்றாள்.

"பாட்டு போடப் போறோமே, அதான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"வைங்க, கேப்போம்."

வைத்தார். பாத்திரச் சத்தம், குலவைச் சத்தம். அதற்கடியில், மெல்லிசாக, பிள்ளையைப் பெற்ற அகிலாவின் குரல்.

'மதினி, பிள்ளை மஞ்சளா இருக்க மாதிரி தெரியலையா?'

பூரணத்தின் குரல்: 'பல்பு வெளிச்சம்டி. நீ ஒருத்தி, பயந்து பயந்தே பாலை வத்த வச்சிருவ போல.'

அப்புறம் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து, கணீரென்று, பேச்சிமுத்துவே:

'அது ஒண்ணுமில்லம்மா. நான் கம்ப்யூட்டர்ல எடுத்துடுறேன்.'

மவுஸ் அப்படியே நின்றது. அவர் தேங்காயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி தேங்காயைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். பூரணத்தின் நம்பரை அழுத்தினார்.

"முடிஞ்சிட்டாண்ணே?" என்றாள் பூரணம்.

"அக்கா, பிள்ளை மஞ்சளா இருக்கு."

"அதை எடுக்கத்தானே உங்ககிட்ட கொடுத்தோம்?"

"என்னால எடுக்க முடியாதுக்கா. டாக்டருதான் எடுக்கணும்."

"என்ன, கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

"கம்ப்யூட்டர் நல்லா இருக்கு. தேங்காயும் நல்லா இருக்கு. பிள்ளையைத்தான் உடனே தூக்கிட்டுப் போங்க."

"தேங்காயா? வெயில்ல அலைஞ்சு உமக்கு என்னமோ..."

போனை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது. பெத்தவள் குரல்.

"அண்ணாச்சி, நிஜமாவா? உங்க கண்ணுக்கும் தெரியுதா?"

"தெரியுதும்மா. அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"பிள்ளை பிறந்ததுலேருந்து நான் தூங்கலை அண்ணாச்சி. ராத்திரியெல்லாம் செல்போன் வெளிச்சத்துல பார்த்துட்டே இருப்பேன். எல்லாரும் எனக்குத்தான் கோளாறுனு... இருங்க, தெருவுல ஆட்டோ போகுது. வைக்கிறேன்."

எதிர்முனையில் பூரணம், "செருப்பைப் போட்டுட்டுப் போடி! ஏட்டி, நானும் வரேன்!" என்று கத்தியது கேட்டது.

நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியது. வீடியோ போகவில்லை.

மூன்று நாள் கழித்துப் பூரணமே மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். ஒரு கையில் மெமரி கார்டு, மறு கையில் அல்வாப் பொட்டலம்.

"நல்ல வேளை, உடனே தூக்கிட்டு வந்தீங்கன்னாரு டாக்டர். மஞ்சக்காமாலையாம், விளக்கு வெளிச்சத்துல போட்டிருக்காங்க. நல்லா இறங்கிட்டாம், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னுட்டாரு." அல்வாவை மேசையில் வைத்தாள். வைத்த கையோடு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வீடியோக்காரண்ணே, அந்த விளக்கு ஒரே நீலம். ஆஸ்பத்திரியில எடுத்த இதையும் மத்ததோட நிறம் சேர்த்துக் கொடுத்துருங்க. தம்பிக்கு அடுத்த துறைமுகத்துல காட்டணும். மஞ்சளா இருந்த பிள்ளையை நீலமாக்கிட்டீங்களேனு என்கிட்டதான் சண்டைக்கு வருவான்."

அவள் போனதும் பேச்சிமுத்து கிளிப்பைத் திறந்தார். கண்ணாடித் தொட்டிலில், கண்ணைக் கட்டிக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு ஒரு நீலப் பிள்ளை. மெத்தை நீலம். நர்ஸம்மா உடுப்பு நீலம். பேச்சிமுத்து இப்போது தேறிய சீடர் அல்லவா? வெள்ளையைத் தேடினார். மூலை மூலையாகத் தேடினார். பஞ்சு நீலம், சுவர் நீலம், பால் டம்ளரில் பால் நீலம்.

டீ வாங்கப் போய் வந்தும் பார்த்தார். நீலந்தான்.

"டீச்சர், இதுல வெள்ளைனு ஒண்ணுமே இல்லையே. இதை எதோட சேர்க்க?"

ஜெசிந்தா அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு, குனிந்து திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஓரத்துல நாற்காலியில யாரு?"

"பெத்தவதான். அகிலா."

"என்ன பண்றாங்க?"

பேச்சிமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நீலச் சேலை, நீல முகம், சுவரில் சாய்ந்த தலை, திறந்த வாய்.

"தூங்குறா டீச்சர். குறட்டைகூட கேக்குது."

"அப்போ நிறம் சரியாத்தான் இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "அப்படியே அனுப்புங்க."