ஏதோவுக்கு விழுந்த முத்திரை

கொன்றையூர் அரசர் விசயமாறனுக்குத் திடீர் திடீரென்று ஆசைகள் வரும். ஒரு தடவை மேகத்துக்கு வரி போட்டார். அந்த வருஷம் மழை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த முறை வந்தது கொஞ்சம் நல்ல ஆசை. கண் தெரியாதவர்கள், கைகால் விழுந்தவர்கள், தனியாகச் சமாளிக்க முடியாதவர்கள் எல்லாரையும் வைத்துக் காப்பாற்ற அவர் ஓர் ஆதரவுச் சாலை நடத்திவந்தார்.

"அங்கே இருப்பவர்கள் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள்? அளந்து சொல்லுங்கள்" என்றார்.

பிரதானி கோனேரி துள்ளி எழுந்தார். அளப்பது என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. வாயாலேயே நன்றாக அளப்பார்.

சாலைக்குப் போய் ஒவ்வொருவரிடமும், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். நம் ஊர் ஆட்கள் அதற்கு என்ன சொல்வார்கள்? "ஏதோ இருக்கேன்" என்றார்கள். அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள்.

பிரதானிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அரசர் சோறு போடுகிறார், இவர்களுக்கு ஏதோவாம் ஏதோ! இனி ஏதோ என்பவருக்குக் கஞ்சி கிடையாது!"

மறுநாள் எல்லாரும் ஒரே குரலில், "ரொம்ப நல்லா இருக்கோம்!"

பிரதானி அவைக்கு ஓடினார். "மன்னா, அளந்துவிட்டேன். எல்லாரும் ரொம்ப நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இருப்பவர்களுக்கு ஆதரவு எதற்கு? சாலையை மூடிவிட்டு என் குதிரைகளை அங்கே கட்டலாம்."

அரசருக்கு அது சரியாகத்தான் பட்டது. விகடகவி வைரவநாதனுக்குத்தான் அது சரியாகப் படவில்லை. அவனுடைய அக்கா முத்தம்மை, இரண்டு கண்ணும் தெரியாதவள், அந்தச் சாலையில்தான் இருந்தாள். அவனுக்கோ அரண்மனையில் ராப்பகல் வேலை. சாலையை மூடினால் அவள் எங்கே போவாள்? அன்று சாயங்காலமே பார்க்கப் போனான்.

"எப்படிக்கா இருக்கே?"

"ரொம்ப நல்லா இருக்கேன்!" என்று கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களாடா?" என்றாள்.

"யாருமில்லக்கா."

"அப்படின்னா ஏதோ இருக்கேன். சோறு போடறாங்க, இல்லேங்கல. கோழி கூவறதுக்கு முன்னால பச்சைத்தண்ணியைத் தலையில கொட்டறாங்க. என்னை 'இது'ங்கறாங்கடா. 'இது குளிச்சாச்சு, இதுக்குக் கஞ்சி ஊத்து'ன்னு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதில்ல."

வைரவநாதனுக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

மறுநாள் அவையில் கேட்டான்: "மன்னா, சந்தையில் அரசு முத்திரை இல்லாத படியை வைத்து நெல் அளந்தால் என்ன தண்டனை?"

"பிரம்படி."

"பிரதானியாரின் புதுப் படிக்கு முத்திரையே இல்லையே!"

கோனேரி சிரித்தார். "என் படி வெறும் கேள்வி. கேள்விக்கு எங்கே ஐயா முத்திரை குத்துவது?"

"அரசர் வாயால்தான். அவர் ஒருநாள் சாலையில் மற்றவர்களைப் போலவே இருந்துவிட்டு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலே முத்திரை."

அரசருக்குப் புது விளையாட்டு கிடைத்த குஷி. தன்னையும் மற்றவர்களைப் போலவே நடத்த வேண்டும், மாறினால் தலை போகும் என்று உத்தரவு போட்டுவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு போய்ப் பாயில் படுத்தார்.

கோழி கூவுமுன் தலையில் பச்சைத்தண்ணீர் விழுந்தது.

"ஐயோ!"

"இது கத்துதுப்பா" என்றான் ஒரு பணியாள்.

"கத்தட்டும், முதுகைத் தேய்" என்றான் இன்னொருவன்.

அரசர் வெற்றிலை கேட்டார். "இதுக்கு வெத்தல வேற கேக்குது!" பசித்தபோது கஞ்சி வரவில்லை. பசிக்காதபோது வாயில் ஊற்றினார்கள். பொழுது சாயுமுன்பே படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். அரசர் புலம்பினார். பக்கத்துப் பாயிலிருந்து முத்தம்மை, "புதுசாய்யா? போகப்போகப் பழகிடும்" என்றாள்.

மறுநாள் அரசர் தும்மிக்கொண்டே அரியணையில் உட்கார்ந்தார். பிரதானி பல்லெல்லாம் தெரியக் கேட்டார்: "மன்னா, எப்படி இருக்கிறீர்கள்?"

அரசர் பெருமூச்சு விட்டார். "ஏதோ இருக்கேன்யா."

"முத்திரை விழுந்துவிட்டது, மன்னா!" என்றான் வைரவநாதன். "பிரதானியாரின் சட்டப்படி இன்று தங்களுக்குக் கஞ்சி கிடையாது."

அரசர் முறைத்தார். பிறகு சிரித்தார். தும்மல் குறுக்கிடும்வரை சிரித்தார்.

"கோனேரி, சாலையை மூட வேண்டாம். ஒரு மாதம் அங்கேயே தங்கி நன்றாக அளந்துவிட்டு வாரும். வைரவா, உனக்கு என்ன வேண்டும், கேள்."

"இந்தக் கேள்விதான் மன்னா சரியான படி. இதையே அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்."

அரசர் கோனேரியையும் இழுத்துக்கொண்டு நேராகச் சாலைக்குப் போனார். "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று முத்தம்மையிடம் கேட்டார்.

அவள் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நேத்து புலம்பினவரா? வெந்நீர் ஒரு அண்டா, பச்சைத்தண்ணி ஒரு அண்டா வேணும். வெந்நீர் எனக்கு. பச்சைத்தண்ணி, குதிரை கட்டறேன்னு சொன்ன 'இது' ஒண்ணு புதுசா வந்திருக்காமே, அதுக்கு!"